கோலம் சுருங்கும் தெரு

காலை எட்டரை மணிக்கு மந்தைவெளியின் குறுக்குத் தெரு ஏதாவது ஒன்றில் நின்று பாருங்கள். எதிர்ச்சாரியில் இருக்கும் பால் பூத்துக்குப் போக வேண்டிய மாமி, துணிப்பையை மார்போடு அணைத்தபடி காத்திருக்கிறார். ஸ்கூல் வேன், கால் டாக்சி, சாப்பாட்டுப் பெட்டி கட்டிய பைக், தண்ணீர் லாரி என்று வந்துகொண்டே இருக்கின்றன. இடைவெளி விழவே இல்லை. மெட்ரோ ரயில் வேலைக்கு அடைத்த தகரம் ஆர்.கே. மடம் சாலையைச் சுருக்கியதிலிருந்து இந்தச் சந்துகள்தான் மெயின் ரோடு. எந்தச் சந்து காலி என்று கைபேசி மேப் வேறு போட்டுக்கொடுத்துவிடுகிறது.

2023 நவம்பரில் சென்னைக்குப் புது வேக வரம்பு வந்தது. கார் 60, பைக் 50, ஆட்டோ 40. குடியிருப்புத் தெருவில் எதுவானாலும் 30. நல்ல எண்தான். ஸ்டாக்ஹோமில் 2020-ல் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடும், ஆட்களும் வண்டிகளும் கலந்து போகும் இடத்துக்கு இதே 30-ஐத்தான் சொன்னது. ஆனால், அடையாறு காந்தி நகரில் நேராக நீளும் தெருவைக் கண்டதும் வலது கை தானாக முறுக்குகிறது. வேகத்தைச் சொல்வது தெரு, பலகை அல்ல.

அதனால்தான் தெருக்காரர்கள் வேகத்தடை கேட்டு மனு கொடுக்கிறார்கள். வம்பே அங்கேதான். சாலைப் பொறியாளர்களின் விதிநூலில் அது 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 25 கி.மீ. வேகத்தில் ஏறி இறங்கினால் உடம்பு அலுங்காது. நமக்கு வாய்ப்பதோ முழ அகலத்தில் ஒரு தார் வரப்பு, அதுவும் வெள்ளைக்கோடு இல்லாமல். விரட்டி வரும் பெரிய காருக்கு அது ஒரு தட்டல், ஸ்பிரிங் வாங்கிக்கொள்கிறது. கண் ஆபரேஷன் முடிந்து ஆட்டோவில் திரும்பும் தாத்தாவுக்குத்தான் இடுப்பு விடுகிறது. இருட்டில், பைக்கின் பின் சீட்டில் இருப்பவர் கதி இன்னும் மோசம்.

தி. நகரில் வேறு வழி பார்த்தோம். 2019-ல் பாண்டி பஜார் நடைபாதையை அகலமாக்கி வண்டிக்கான இடத்தைக் குறைத்தார்கள், வண்டிகளும் அடங்கின. அந்த யோசனை ஏன் பின்தெருவுக்கு வரவில்லை? புடவை வாங்க வருகிறவருக்கு நடைபாதை, குடியிருப்பவருக்குத் தார் வரப்பா? தெருவை வளைத்து, மரமும் தொட்டியும் வைத்து, காரை நடைவேகத்துக்கு இறக்கும் ஏற்பாட்டுக்கு நெதர்லாந்து 1976-லேயே சட்ட அங்கீகாரம் கொடுத்துவிட்டது.

வேகத்தைக் குறைக்கச் சொன்னால், நேரத்துக்குப் போகாவிட்டால் காசு போச்சு என்பார் டெலிவரி பையன். அதுவும் நியாயம்தான்.

என் கவலை மார்கழியைப் பற்றி. தெருவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து கோலம் போடுகிறவருக்குப் பின்னால் வருவது தெரியாது. காதைத் தீட்டிக்கொண்டு எத்தனை புள்ளிதான் வைக்க முடியும்? பாதித் தெருவுக்கு விரிந்த கோலங்கள் படியோரத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டன, ஸ்டிக்கராகவும் ஆகிவிட்டன. (எங்கள் வீட்டிலும் ஸ்டிக்கர்தான், ஒப்புக்கொள்கிறேன்.)

ஜனவரியில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி நடக்கும். வண்டிகளை மறித்துவிட்டு, தார் ரோட்டின் மேலேயே பெண்கள் நிதானமாகப் புள்ளி வைப்பார்கள், முதுகுப் பக்கம் திரும்பிப் பார்க்காமல். தடுப்பை எடுத்ததும் முதல் பைக் கோலத்தின் மேலேயே ஏறிப் போகும்.