சட்டியின் விலை சூளையில்தான் தீர்மானமாகிறது

கொழும்பு - கண்டி வீதியில் கேகாலைக்கு அண்மையில் உள்ள மொலகொட, மட்பாண்டங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். இப்படியான இடங்களில் மொத்தமாக எடுத்து, கறிச்சட்டியும் தயிர்ச்சட்டியும் விற்கும் வியாபாரிகள் நம்மிலும் இருக்கின்றனர். அவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்றுதான்: "லாபமெல்லாம் உடைவிலேயே போய்விடுகிறது."

உடைவுக்குக் காரணம் லொறியும் பாதையும் மட்டுமல்ல. சூளைகளின் அருகே நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பாதி உடைவு நெருப்பிலேயே தொடங்கிவிடுகிறது.

வனைந்த சட்டி முதலில் நிழலில் நன்றாக உலர வேண்டும். மண்ணில் ஈரம் மிஞ்சியிருக்கும்போது நெருப்பைக் கூட்டினால் உள்ளே நீராவி அடைபட்டுச் சட்டி வெடிக்கும். ஆகவே அனுபவசாலிகள் முதலில் சிறுதீயால் சூளையைச் சூடாக்கி, ஈரம் போன பின்னரே பெருந்தீ மூட்டுவர். மண்ணோடு பிணைந்துள்ள நீர் ஏறத்தாழ 450 முதல் 600 பாகை செல்சியஸில்தான் வெளியேறும். அதற்குப் பிறகே அது தண்ணீரில் கரையாத சட்டி. விறகுச் சூளையில் சட்டிகள் பெரும்பாலும் 700 முதல் 900 பாகை வரை வேகும். காற்று தாராளமாகக் கிடைத்தால் மண்ணிலுள்ள இரும்பு சிவப்பு நிறம் தரும். புகை அடைபட்டால் கருமை தட்டும். தீ அணைந்ததும் அவசரப்பட்டுச் சூளையைப் பிரித்தால் குளிர்காற்று பட்டுக் கீறல் விழும்.

இந்த வேலையின் பெரிய எதிரி அவசரம். தைப்பொங்கலுக்கும் ஏப்ரல் புத்தாண்டுக்கும் புதுப்பானை தேடுவோர் பலர். கடைசி வாரத்தில் "நாளைக்கே வேண்டும்" என்று நாம் நெருக்கினால், மழைக்கால ஈரம் காயாத சட்டியும் ஈர விறகும் சூளைக்குள் போகும். நட்டம் முதலில் குயவருக்கு, பிறகு நமக்கு.

கணக்குப் பார்ப்போம். ஒரு சட்டி 100 ரூபா வீதம் 100 சட்டி வாங்கி 15 உடைந்தால், மிஞ்சும் ஒவ்வொன்றும் 117 ரூபாவுக்கு மேல் விழும். நன்றாக வெந்ததை 110 ரூபாவுக்கு வாங்கி 5 உடைந்தால் 116 ரூபாவுக்குள் முடியும். மலிவாக வாங்கியதே விலை கூடியது!

வாங்கும்போது விரல் மொழியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் வெந்த சட்டி. மந்தமாகக் கேட்டால் கீறலோ வேக்காட்டுக் குறையோ இருக்கும். தண்ணீர் ஊற்றி வைத்தால் வெளிப்புறம் லேசாகக் கசிவது மண்சட்டியின் இயல்பு. தயிரின் நீரை உறிஞ்சிக் கெட்டியாக்குவதும் அந்த நுண்துளைகள்தான். ஆனால் சொட்டக் கூடாது.

விறகுக்குக் கையில் காசில்லாத குயவர் வட்டிக்கு வாங்குகிறார், அல்லது குறைந்த விறகில் சூளையை முடிக்கிறார். நாம் முன்கூட்டியே பணம் கொடுத்து இதைத் தவிர்க்கலாம். ஆனால் அதை எந்த ஒப்பந்தமாகச் செய்வது? கையால் செய்த பானை ஒன்றுபோல் ஒன்று இராது என்பதால் அதில் ஸலம் செல்லாது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் வருகிறது. அச்சில் வார்த்தவற்றுக்கு அனுமதி உண்டு. செய்வித்து வாங்கும் இஸ்திஸ்னாவுக்கு ஹனபி மத்ஹபில் இடமிருக்கிறது. எனவே அளவு, எண்ணிக்கை, தரம், விலை, தவணை அனைத்தையும் எழுதி, கையொப்பமிடுமுன் ஓர் ஆலிமிடம் காட்டிக்கொள்ளுங்கள். சூளைக்குள் வெடித்தவை யார் கணக்கில் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

2022ஆம் ஆண்டு எரிவாயு தட்டுப்பாட்டின்போது விறகடுப்புக்குத் திரும்பிய வீடுகள் ஏராளம். விறகடுப்புக்கு ஏற்றது மண்சட்டி. அந்தக் கிராக்கி இன்னொரு நாள் வந்தாலும், அன்று சரக்குக் கிடைப்பது சூளைக்காரருடன் ஏற்கனவே நேர்மையாகக் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவருக்குத்தான்.

அடுத்த பெருநாளுக்கோ புத்தாண்டுக்கோ சட்டி எடுக்க நினைப்பவர்கள் இரண்டு மாதம் முந்தியே சொல்லிவிடுங்கள். சட்டி காயவும் வேகவும் ஆறவும் நேரம் கொடுத்த வியாபாரத்தில், இன்ஷா அல்லாஹ், பரகத் இருக்கும்.