டேலியா கிழங்கு: கண்ணு இருக்கான்னு முதல்ல பாருங்க

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போனா வீட்டு வாசல்ல, சுவரோரமா தட்டு சைஸுக்குப் பூத்து நிக்குமே, அந்த டேலியா பத்திதான் இன்னைக்கு. ஆன்லைன்ல கிழங்கு வாங்கி நட்டுட்டு, வாரக்கணக்கா வெறும் மண்ணையே பார்த்துட்டு இருக்கிறவங்க முக்கியமா கேளுங்க.

உருளைக்கிழங்குல உடம்பு முழுக்க அங்கங்க கண்ணு இருக்கும். கண்ணோட எந்தத் துண்டை வெட்டி நட்டாலும் முளைச்சிடும். டேலியா அப்படி இல்லை. அது சாப்பாட்டைச் சேர்த்து வெச்சிருக்கிற வேர், அவ்ளோதான். முளை விடுற கண்ணு, கிழங்கும் பழைய தண்டும் சேர்ற கழுத்துக்கு மேல மட்டும்தான் இருக்கும். அந்தக் கழுத்து ஒடிஞ்சிருந்தா, கிழங்கு எவ்ளோ கொழுகொழுன்னு இருந்தாலும் வேஸ்ட். பேட்டரி ஃபுல், ஸ்விட்ச் இல்லை! அதனால வாங்கும்போதே கழுத்துப் பகுதியோட போட்டோ கேளுங்க.

அடுத்த எமன் தண்ணி. முளை வர்றதுக்கு முன்னாடி இலையும் கிடையாது, தண்ணியை உறிஞ்சுற சல்லிவேரும் கிடையாது. அந்த நேரத்துல பாசமா தினமும் ஊத்தினா கிழங்கு அழுகிடும். நடும்போது மண்ணு லேசா ஈரமா இருந்தா போதும். முளை தலைகாட்டினதும் தண்ணி விட ஆரம்பிங்க.

இதோட பூர்வீகம் மெக்சிகோ மலைப்பகுதி (அங்க 1963லேர்ந்து தேசியப் பூவே இதுதான்). அதனால தண்ணி நிக்காத மண்ணு, குளிர்ச்சியான ராத்திரி, ரெண்டும் பிடிக்கும். சென்னையில ஐப்பசி அடைமழையில நடாதீங்க. மழை ஓய்ஞ்சதும், மேடாக்கின பாத்தியில, காலை வெயில் படுற இடமா பார்த்து வைங்க. கோடை ஏறுறதுக்குள்ள பூ பார்த்துடணும். ஊட்டி சைஸ் மட்டும் எதிர்பார்க்காதீங்க.

ஆழம் 10–15 செ.மீ., செடிக்குச் செடி 45–60 செ.மீ. முட்டுக்குச்சியை நடும்போதே ஊனிடுங்க, பின்னாடி ஊனினா கிழங்கையே குத்திடும். செடி ஒரு அடி வந்ததும் நுனியைக் கிள்ளணும். மனசு வராது, தெரியும். ஆனா கிள்ளினாதான் பக்கக்கிளை வரும், பூவும் கூடும். யூரியாவை அள்ளிப் போட்டா இலைதான் மிச்சம்.

வாடின பூவை வெட்டுறப்போ மொட்டையும் சேர்த்து வெட்டிடாதீங்க. உருண்டையா இருந்தா மொட்டு, கூம்பா நீண்டிருந்தா பூத்து முடிஞ்சது.

சீசன் முடிஞ்சு செடி காஞ்சதும் கிழங்கைத் தோண்டி, நிழல்ல உலர்த்தி, லேசா ஈரமான தேங்காய் நார்த்தூள்ல வைங்க. பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டுலயும் ஒரு கண்ணாவது இருக்கணும். தெரியலைன்னா கத்தியை எடுக்காதீங்க, கண்ணு வீங்கித் தெரியுற வரைக்கும் பொறுங்க.