கூந்தல் தைலப் புட்டியின் பின்பக்கம்

டெல்லிக் குளிரில் ஊர்த் தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்துவிடும். 24 டிகிரிக்குக் கீழே போனால் அதன் சுபாவம் அது. ஆனால் முடி உதிர்கிறதென்று நம்மவர்கள் கடையில் வாங்கும் மூலிகைத் தைலங்கள் பல, ஜனவரியிலும் தண்ணீராய் ஓடுகின்றன. புட்டியின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தால் காரணம் தெரியும். பிருங்கராஜ், அதாவது நம் கரிசலாங்கண்ணி, இத்தனை மில்லிகிராம், நெல்லி இத்தனை மில்லிகிராம் என்று பட்டியல் நீளும். கடைசி வரியில் மினரல் ஆயில் அல்லது லிக்விட் பாரஃபின், அதற்கெதிரே 'கியூ.எஸ்.' என்றிருக்கும். மீதியை நிரப்பத் தேவையான அளவு என்று பொருள். அப்படிப்பட்ட புட்டியில் பெரும்பகுதி அதுதான்.

ரயில்வேயில் முப்பது வருஷம் மசகு எண்ணெயோடு பழகியவன் சொல்கிறேன்: மினரல் ஆயில் பெட்ரோலியத்திலிருந்து வருவது. பயப்பட வேண்டாம், தலைக்கு வருவது நன்கு சுத்திகரித்தது. முடியின்மேல் படிந்து உராய்வைக் குறைக்கும், சிக்கு விழாது. தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே இறங்கி, புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்று 2003-இல் வெளியான மும்பை ஆய்வு காட்டியது. (ஆய்ந்தவர்கள் தேங்காய் எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்!) எதுவானாலும் இருக்கிற முடிக்குத்தான் பாதுகாப்பு. அச்சுக்கு எண்ணெய் விட்டால் தேய்மானம் குறையும். புது அச்சு முளைக்காது.

வேரில் வேலை செய்வது மினாக்ஸிடில். முதலில் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரை; சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்திலெல்லாம் முடி வளரவே, 1988-இல் அமெரிக்காவில் வழுக்கைக்குத் தடவும் மருந்தாக அனுமதி பெற்றது. அதைக் கரைக்கச் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைகால் சிலருக்கு அரிப்பு உண்டாக்கும். முதல் சில வாரங்கள் முடி கூடுதலாகவே கொட்டலாம். பலன் தெரிய நான்கு மாதமாவது ஆகும். நிறுத்தினால் வளர்ந்தது போய்விடும். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

என் கவலை வேறு. டெங்கு, டைபாய்டு, பிரசவம் இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே நின்றுவிடும். அப்போது கையில் எந்தப் புட்டி இருந்ததோ, புகழ் அதற்குப் போய்ச் சேரும்! தானாக நிற்காத உதிர்வுக்குப் பின்னால் இரும்புச்சத்துக் குறைவோ தைராய்டோ இருக்கலாம். ஹாஸ்டலில் ரொட்டியும் டீயுமாகக் காலம் தள்ளும் நம் பெண்கள், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும்போதுகூட, "வடக்கத்தித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று தைலத்தைத்தான் மாற்றுகிறார்கள். அடுத்த புட்டிக்கு முன் டாக்டரிடம் காட்டி, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், டி.எஸ்.எச். மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே ஊசிக் குத்தல்தான்.