கலர் ஷீட் வாங்குமுன்

கடன் வாங்கிக் கூரை போடும் குடும்பங்கள் நிறத்தை மட்டும் பார்த்து ஷீட் வாங்க வேண்டாம். பூச்சின் வகையைக் கேளுங்கள்.

குந்தாரப்பள்ளியில் உப்புக்காற்று இல்லை. வெயில்தான் பூச்சுக்குப் பகை. சாதாரண பாலியஸ்டர் சீக்கிரம் வெளிறும். தடவினால் கையில் மாவாக ஒட்டும். உள்தடுப்புக்கு அது போதும். கூரைக்கு சூப்பர் டியூரபிள் பாலியஸ்டர் நல்லது. விலை கூடினாலும் நிறம் நிற்கும். பி.வி.டி.எஃப். இன்னும் நீடிக்கும், ஆனால் விலை மிக அதிகம்.

துருவை முக்கியமாகத் தடுப்பது பெயிண்டுக்கு அடியிலுள்ள உலோகப் பூச்சு. ஏ.இசட். 150 என்றால், இருபுறமும் சேர்த்து சதுர மீட்டருக்கு 150 கிராம் அலுமினியம்-துத்தநாகம். அந்த வகைக்கு ஐ.எஸ். 15965, துத்தநாகம் மட்டும் பூசியதற்கு ஐ.எஸ். 14246 தரக்குறி பாருங்கள்.

தடிமன், பூச்சு வகை இரண்டையும் பில்லில் எழுதி வாங்குங்கள். துளையிடும்போது விழும் இரும்புத்தூளை அன்றே கூட்டிவிடுங்கள். கிடந்தால் துருக்கறை படியும்.