எள்ளளவு

‘எள்ளளவும் சந்தேகமில்லை’ என்று சொல்கிறவர் யாரும் எள்ளை நிறுத்துப் பார்த்துவிட்டுச் சொல்வதில்லை. நிறுத்தால் ஓர் எள் ஏறத்தாழ 3 மில்லிகிராம் இருக்கும். அதில் புரதம் அரை மில்லிகிராமும் கொஞ்சமும். உணவு ஒவ்வாமையை ஆராய்கிறவர்களுக்கு எள்ளளவு என்பது பேச்சுவழக்கு அல்ல, நிஜமான அளவு. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு எள்ளுக்குச் சொன்ன வரம்பு, ஒரு வேளைச் சாப்பாட்டில் 2 மில்லிகிராம் எள் புரதம். மூன்று, நான்கு எள். அவ்வளவு உள்ளே போனால், எள் ஒவ்வாமை உள்ள நூறு பேரில் ஐந்து பேருக்கு மேல் எதிர்வினை வராது என்பது கணக்கு. நிலக்கடலைக்கும் அதே 2 மில்லிகிராம்தான். ஒரு நிலக்கடலைப் பருப்பை நூறு துண்டாக்கினால் ஒரு துண்டு. இறால் வகைக்கு மட்டும் 200 மில்லிகிராம் வரை தாராளம்.

இந்தத் துணுக்கைத்தான் சிலருடைய உடல் எதிரி என்று எடுத்துக்கொள்கிறது. ஒருமுறை பார்த்த புரதத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, அடுத்த முறை அது வந்ததும் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. சிலருக்குத் தடிப்போடு போய்விடும். சிலருக்குத் தொண்டை அடைத்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும்.

உணவுத் தொழிற்சாலை நூறு வருடமாகப் பழகியிருப்பது கிருமியோடு. கிருமியைச் சூடாக்கிக் கொல்லலாம், மருந்தடித்துக் கொல்லலாம். புரதத்துக்கு உயிரே இல்லையே, எதைக் கொல்வது? வறுத்த கடலை, அவித்த கடலையைவிட வீரியமானது என்றுகூட ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. சானிடைசர் கையில் உள்ள கிருமியைக் கொல்லும்; கடலைப் புரதத்தையோ இந்த விரலிலிருந்து அந்த விரலுக்கு இழுத்துவிடும். சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் போகும்.

கழுவவே முடியாத இடம் என்றால்? சாக்லேட் ஆலைக்குள் போய்ப் பார்க்கவேண்டும். உருகிய சாக்லேட்டில் நாலு சொட்டுத் தண்ணீர் பட்டால் மொத்தமும் திரிந்து கட்டிதட்டிப்போகும். குழாயில் ஈரம் தங்கினால் சால்மோனெல்லா கிருமி குடிவந்துவிடும். அதனால் அந்தக் குழாய்களுக்குள் தண்ணீர் விடுவதைக் கூடியமட்டும் தவிர்க்கிறார்கள். காலையில் மில்க் சாக்லேட் ஓடிய குழாயில் மத்தியானம் டார்க் சாக்லேட் ஓடவேண்டுமா? டார்க் சாக்லேட்டையே உள்ளே விட்டுப் பழையதைத் தள்ளுகிறார்கள். முதலில் வெளியே வரும் கலவையை ஒதுக்கிவைத்து, பின்னொரு நாள் மில்க் சாக்லேட்டிலேயே சேர்த்துவிடுவார்கள். மோர்ச் சட்டியைத் தண்ணீர் காட்டாமல் பாயசம் ஊற்றியே கழுவச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. எவ்வளவு தள்ளினாலும் குழாயின் வளைவிலும் வால்வின் இடுக்கிலும் பால் ஒட்டிக்கொண்டிருக்கும். 2015இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெளியிட்ட சோதனை முடிவைப் பாருங்கள். 94 டார்க் சாக்லேட்களில் ஆறில்தான் பால் சேர்த்திருப்பதாக எழுதியிருந்தது. மீதி 88இல் பால் இருந்தது 51இல்.

தண்ணீர் விடக்கூடிய இயந்திரங்களைக் கழுவியபின் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. பத்து சென்டிமீட்டர் சதுர இடத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து, திரவத்தில் முக்கி, ஒரு பட்டையில் சொட்டுவிடவேண்டும். கர்ப்பம் பார்க்கும் கிட் போலத்தான். இங்கே இரண்டு கோடு விழுந்தால் யாரும் இனிப்பு கொடுப்பதில்லை, மறுபடி கழுவவேண்டும். எல்லாம் சுத்தமாக இருந்து, தவறான உறைக்குள் சரியான பிஸ்கட் போய் மாட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது மொத்தச் சரக்கையும் கடையிலிருந்து திரும்ப அழைக்கவேண்டியதுதான்.

கழுவமுடியாததை எழுதிவிடலாம் என்று வந்ததுதான் ‘நிலக்கடலை இருக்கலாம்’ என்ற வரி. தமிழில் இந்த ‘லாம்’ பொல்லாதது. ‘மழை வரலாம்’ என்றால் ஐயம், ‘நீங்கள் வரலாம்’ என்றால் அனுமதி. ஒவ்வாமைக் குழந்தையின் தாய் முதல் ‘லாம்’மைப் படித்துவிட்டு இரண்டாவது ‘லாம்’மைத் தேடுகிறாள்: கடலை இருக்கலாம் என்றால், சாப்பிடலாமா? அதற்கு அந்த உறையில் பதில் இல்லை. ஆலையில் நிஜமாகவே தூசி பறக்கிறதா, வக்கீலுக்குப் பயந்து அச்சடித்ததா என்று வெளியே இருப்பவருக்குத் தெரிய வழியில்லை.

எள்ளுக்கே வருவோம். 2016 ஜூலையில் நடாஷா என்ற 15 வயதுப் பெண் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஒரு பகெட் ரொட்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு விமானம் ஏறினாள். அவளுக்கு எள் ஆகாது. எள், ரொட்டியின் மேலே தூவியிருக்கவில்லை; மாவோடு பிசைந்து சுட்டிருந்தார்கள். கடையிலேயே செய்து கட்டிவைப்பதற்குத் தனித்தனி லேபிள் வேண்டாம் என்பது அன்றைய சட்டம். பிரான்ஸின் நீஸ் நகரில் அன்றே இறந்துபோனாள். 2021 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் அப்படிப்பட்ட பொட்டலங்களிலும் எல்லா மூலப்பொருளும் எழுதியாகவேண்டும். அதை நடாஷா சட்டம் என்றே சொல்கிறார்கள்.

அமெரிக்காவில் நடந்தது வேறு. 2023 ஜனவரி 1 முதல் அங்கே எள் ஒன்பதாவது ஒவ்வாமைப் பொருள். எள் தூவிய பன்னும் தூவாத பன்னும் ஒரே வரிசையில் போகும் பேக்கரியில், சிந்திய எள்ளை ஒன்றுவிடாமல் பொறுக்குவது யாரால் ஆகும்? சில பேக்கரிகள் ஒரு வழி கண்டுபிடித்தன. அதுவரை எள்ளே இல்லாத ரொட்டி மாவிலும் கொஞ்சம் எள்மாவைச் சேர்த்து, ‘எள் உள்ளது’ என்று நேர்மையாக எழுதிவிட்டன! சட்டப்படி குற்றமில்லை. வருடக்கணக்காக அதே பன்னை நம்பி வாங்கிக்கொண்டிருந்த எள் ஒவ்வாமைக்காரர்களுக்கு, அவர்களைக் காக்க வந்த சட்டத்தாலேயே பன் போயிற்று.

இந்தியாவின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளில் எட்டு வகை இருக்கின்றன. கோதுமை போன்ற குளூட்டன் தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலையும் முந்திரி போன்ற கொட்டைகளும், சோயா, சல்பைட். எள் இல்லை. கடலைமிட்டாய் உறையில் ‘நிலக்கடலை உள்ளது’ என்று தனியே அறிவிக்கவேண்டும். பக்கத்தில் இருக்கும் எள்ளுமிட்டாய் உறையில் எள், மூலப்பொருள் வரிசையில் வெல்லத்தோடு வெல்லமாகப் பொடி எழுத்தில் உட்கார்ந்திருக்கும்.