பிளக்ஜக் பழக முன்னர் ஒரு கணக்கு

முகநூலைத் திறந்தால் இடையிடையே சூதாட்டச் செயலிகளின் விளம்பரங்கள் வருகின்றன. அவற்றில் பிளக்ஜக்கும் ஒன்று. பத்து நிமிடத்தில் பழகிவிடலாம் என்ற தொனியில்தான் காட்டுகிறார்கள். விதிகளை மட்டும் எடுத்தால் அது பொய்யல்ல.

304 ஆடிய ஊர்களில் கடதாசிக் கட்டு யாருக்கும் புதிதில்லை. ஆனால் ஜக்குக்கு 30, ஒன்பதுக்கு 20 என்ற கணக்கை இங்கே மறந்துவிட வேண்டும். 2 முதல் 10 வரை இலக்கம்தான் பெறுமதி. ஜக், குயின், கிங் மூன்றும் 10. ஏஸ் 1 அல்லது 11, உங்களுக்கு எது வசதியோ அது. துரும்பும் இல்லை, பங்காளியும் இல்லை. மேசையில் எத்தனை பேர் இருந்தாலும் ஒவ்வொருவரும் டீலரோடு மட்டுமே மோதுகிறார்கள்.

முதலில் காசு வைக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு கடதாசி. டீலரின் ஒன்று திறந்திருக்கும். இன்னொன்று கேட்கலாம், போதும் என்று நிற்கலாம். 21ஐத் தாண்டினால் தோல்வி. டீலருக்குத் தெரிவு கிடையாது: 16 வரை எடுத்தே ஆக வேண்டும், 17 வந்தால் நிற்க வேண்டும்.

இருவருக்கும் சம வாய்ப்பு போலத்தான் தெரியும். சூட்சுமம் ஆடும் வரிசையில் இருக்கிறது. நீங்கள்தான் முதலில் ஆடுகிறீர்கள். நீங்கள் 21ஐத் தாண்டிய உடனே உங்கள் காசு போய்விடும். பிறகு டீலரும் தாண்டினாலும் அது திரும்பாது. டீலர் நூற்றில் சுமார் 28 தடவை தாண்டுவார். நீங்களும் அவரைப் போலவே ஆடினால், இருவரும் தாண்டும் ஆட்டங்கள் நூற்றில் சுமார் 8. அந்த எட்டும் அவருக்கே. முதல் இரண்டு கடதாசியிலேயே 21 வந்தால் 500 ரூபாவுக்கு 750 தருவதால் கொஞ்சம் ஈடாகி, 5.5 வீதம் அளவில் கசினோவுக்கு மிஞ்சும். சில மேசைகளில் அந்த 750 சத்தமில்லாமல் 600 ஆகியிருக்கும். உட்கார முன்னர் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இந்த இடைவெளியைக் குறைக்கும் வழியை 1956இல் நான்கு அமெரிக்கர்கள் இராணுவத்தில் இருந்தபோது கணக்கிட்டு வெளியிட்டார்கள். டீலர் 6 காட்டினால் அவர் தாண்டும் வாய்ப்பு 40 வீதத்துக்கும் மேல். ஆகவே 12 இருந்தாலே நில்லுங்கள். அவர் 10 காட்டி, உங்களிடம் 16 இருந்தால், பதின்மூன்றில் எட்டு வகைக் கடதாசி உங்களைக் கவிழ்க்கும். இருந்தும் எடுப்பதே நட்டம் குறைந்த வழி. இப்படி ஒவ்வொரு நிலைக்கும் ஓர் அட்டவணை உண்டு. அதைப் பிழையின்றிப் பின்பற்றினால், நல்ல விதிகள் உள்ள மேசையில் கசினோவின் பங்கு அரை வீதம் அளவுக்கு இறங்கும். பூச்சியம் ஆகாது. 1962இல் எட்வர்ட் தோர்ப் வெளியிட்ட, வெளியான கடதாசிகளை எண்ணும் முறை அதையும் தாண்டியது. கட்டுகளைக் கூட்டியும் அடிக்கடி கலக்கியும் கசினோக்கள் பதில் சொன்னன. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாகக் கலக்கும் செயலியில் எண்ணிப் பயனே இல்லை.

கொழும்பில் கசினோவுக்குள் நுழைய இலங்கையர் டொலர் கணக்கில் வரி கட்ட வேண்டும். முல்லைத்தீவில் உள்ள ஒரு பொடியனுக்கு அந்தக் கதவு தூரம், கைத்தொலைபேசி அப்படியில்லை. மேசையில் மணிக்கு 60 ஆட்டம், ஒன்றுக்கு 500 ரூபா என்றால் 30,000 ரூபா சுழலும். பங்கு 2 வீதம் என்று வைத்தாலும் சராசரி நட்டம் 600. தொலைபேசியில் மணிக்கு 300 ஆட்டம் ஆடினால் அதுவே 3,000. வெளிநாட்டிலிருந்து அண்ணா அனுப்பிய காசோ, அக்காவின் அடகு நகையோ, இந்தக் கணக்குக்கு எல்லாம் ஒன்றுதான்.

தோற்றால் இரட்டிப்பாக வை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். 500இல் தொடங்கி ஏழு தடவை தொடர்ந்து தோற்றால் 63,500 போய்விடும். எட்டாவதுக்கு 64,000 வேண்டும். வென்றால் கையில் மிஞ்சும் இலாபம் 500.

பழக ஆசையென்றால் வீட்டில் நூறு புளியங்கொட்டையோடு இருங்கள். அட்டவணை இல்லாமல் ஒரு மாலை, அட்டவணையோடு ஒரு மாலை. முறைவைத்து டீலராக மாறுங்கள். யார் டீலராக இருக்கும்போது கொட்டை கூடுகிறது என்று ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள்.