வீட்டுக்குத் தெரியாமல் மனநல உதவி பெற முடியுமா?

பீளமேடு, சரவணம்பட்டி பக்கம் கல்லூரி விடுதிகளில் ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் அறைத் தோழனே வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவான். அதே பையன் பத்து நாளாகத் தூங்கவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை என்றால், "அரியர் டென்ஷன்டா, சரியாயிரும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

உதவி கிடைக்கும் என்பது தெரியாமல் இல்லை. பலரைத் தடுப்பது ஒரே கேள்விதான்: "வீட்டுக்குத் தெரிஞ்சா என்னங்க பண்றது?" பொள்ளாச்சி, கோபி, தாராபுரத்திலிருந்து வந்து படிக்கும் பெண்ணுக்கு இந்தப் பயம் கற்பனை இல்லை. நாளைக்கு வரன் பார்க்கும்போது யாராவது எடுத்துப் பேசுவார்கள். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று சினிமாவில் கேட்டுச் சிரித்தவர்கள்தானே நாம்!

இதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23-ஆம் பிரிவு, சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாகக் காக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற சில சூழல்களில் மட்டும், தேவையான அளவுக்குத் தகவல் தரலாம். 18 வயது நிறைந்தவர் தானே போய் மருத்துவரைப் பார்க்கலாம். அந்த வயது ஆகாதவர்களுக்குச் சிகிச்சை என்றால் பெற்றோரின் பங்கு வரும்.

கல்லூரி ஆலோசகரிடம் போகலாமா? தாராளமாக. ஆனால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் ஆசிரியரே ஆலோசகராகவும் இருந்தால் தயக்கம் வரத்தான் செய்யும். "நான் சொல்றது துறைத் தலைவருக்குப் போகுங்களா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், தப்பில்லை.

அதுவும் வேண்டாம் என்றால் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை இது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மொட்டை மாடியில் நின்றபடியே அழைக்கலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் கேட்பார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார், அல்லது பக்கத்து மருத்துவமனைக்கு வழி சொல்வார். நேரில் பார்க்க, திருச்சி சாலையில் உள்ள கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 'போனாலே மாத்திரை கொடுத்துத் தூங்க வெச்சிருவாங்க' என்பது வீண் பேச்சு. பலருக்குப் பேச்சுவழி ஆலோசனையே போதும். மாத்திரை எழுதித் தந்தால் மட்டும் அதை நாமாக நிறுத்தக் கூடாது. தூக்கம், பசி, படிப்பு இவை இரண்டு வாரமாகத் தொடர்ந்து கெட்டிருந்தால் தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொரு பயமும் விடுதிகளில் உண்டு. தற்கொலைக்கு முயன்ற நண்பனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் அவன் மேல் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று மறைப்பார்கள். அதே சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. ஆகவே அந்த நேரத்தில் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை அவனைத் தனியே விடாதீர்கள்.